வாய்க்கால் பெற்ற ஆலை

தென்னாப்பிரிக்காவின் வடக்குக் கேப் மாகாணத்தில், ஆரஞ்சு ஆற்றின் கரையில் அப்பிங்டன் என்றோர் ஊர் இருக்கிறது. சூரிய மின்நிலையப் பணி ஒன்றுக்காகச் சில ஆண்டுகளுக்கு முன் அங்கே ஏழு மாதங்கள் தங்கியிருந்தேன். நான் போய்ச் சேர்ந்தது ஜனவரி இறுதியில். அறுவடை சூடுபிடிக்கத் தொடங்கியிருந்த நேரம். விடியற்காலையில் பணியிடத்துக்குப் போகும் வழியில், கூட்டுறவு ஒயின் ஆலையின் வாயிலை நோக்கி டிராக்டர்கள் வரிசை கட்டி நிற்கும். ஒவ்வொன்றின் பின்னாலும் திராட்சைக் குலைகள் குவிந்த டிரெய்லர்; அடியில் சாறு கசிந்து சாலையில் சொட்டிக்கொண்டிருக்கும்; அதன்மேல் குளவிகள் மொய்க்கும். ஒயின் என்றவுடன் விளம்பரங்கள் நம் மனத்தில் பதித்துவைத்திருக்கும் நிலவறைகளும் ஓக் பீப்பாய்களும் அந்த வாயிலில் நிற்பவருக்கு நினைவுக்கு வரவே வராது. எனக்கு நினைவுக்கு வந்தவை, அரைவைப் பருவத்தில் நம்மூர்க் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகளுக்கு முன்னால் இரவெல்லாம் காத்துக்கிடக்கும் கரும்பு வண்டிகள்தாம்.

ஒயினைச் சுவைத்துத் தரம் சொல்லும் நாக்கு எனக்கில்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஆகவே இந்தக் கட்டுரையில் நறுமணக் குறிப்புகள் எவையும் இல்லை. என்னை ஈர்த்தது வேறொரு கேள்வி. ஆண்டு முழுவதும் பெய்யும் மழை சராசரியாக 200 மில்லிமீட்டரைக்கூட எட்டாத, கோடையில் வெப்பம் 40 டிகிரியை எளிதாகத் தாண்டுகிற, கலஹாரி மணல் ஆற்றங்கரை வரை வந்து நிற்கிற ஒரு நிலத்தில், நாட்டின் மிகப் பெரிய கூட்டுறவு ஒயின் நிறுவனங்களில் ஒன்று எப்படி வேர்பிடித்தது?

ஆங்கிலத்தில் ஆரஞ்சு ரிவர் செல்லர்ஸ் என்று அறியப்படும் இந்தக் கூட்டுறவு 1965இல் தொடங்கப்பட்டது. ஆற்றோட்டத்தின் திசையில் சொன்னால் குரோப்ளர்ஸ்ஹூப், குரூட்டிரிங்க், அப்பிங்டன், கேய்மூஸ், காக்கமாஸ் ஆகிய ஐந்து ஊர்களில் அதன் ஆலைகள் எழுந்தன. முதல் ஊருக்கும் கடைசி ஊருக்கும் இடையே சாலைவழித் தொலைவு ஏறத்தாழ 190 கிலோமீட்டர். ஒரே இடத்தில் ஒரு பெரிய ஆலையைக் கட்டினால் செலவு குறையுமே என்று கணக்குப் பிள்ளையின் மனம் கேட்கும், நானும் கேட்டேன். நான் வாடகைக்கு இருந்த வீட்டின் உரிமையாளர் ஒரு சிறு திராட்சை விவசாயி, கூட்டுறவின் உறுப்பினர். அங்கே வயதில் மூத்த ஆண்களை ‘ஊம்’, அதாவது மாமா, என்று அழைப்பது வழக்கம் என்பதால் நானும் அவரை அப்படியே அழைத்துவந்தேன். ஊம் என் கேள்விக்கு வாயால் விடை சொல்லவில்லை. பறித்த குலையொன்றைக் காலை எட்டு மணிக்கு வாசல் திண்டில் வைத்தார். மதியம் இரண்டு மணிக்கு அதை முகர்ந்து பார்க்கச் சொன்னார். புளித்த வாடை எழத் தொடங்கியிருந்தது.

அவ்வளவுதான் விடை. அந்த வெயிலில் தோல் வெடித்த பழத்திலிருந்து கசியும் சாற்றில் காட்டு ஈஸ்டுகள் தம் வேலையை உடனே தொடங்கிவிடும். காற்றுப்பட்ட சாறு பழுப்பேறிவிடும். பழம் ஆலையைத் தேடி வெகுதூரம் போக முடியாத இடத்தில் ஆலைதான் பழத்தைத் தேடி வர வேண்டும். பெரும்பாலான பறிப்பு இரவிலும் விடியலிலும் நடப்பதற்கும், ஆலைக்குள் நுழைந்த சாற்றை முதற்காரியமாகக் குளிரூட்டுவதற்கும் காரணம் இதுவே. கொலம்பார்ட் என்னும் வெள்ளைத் திராட்சை இப்பள்ளத்தாக்கில் முதன்மை பெற்றதற்கும் இதே வெப்பந்தான் காரணம்: வெயிலில் மற்ற வகைகள் பலவும் தம் புளிப்பை இழந்து வெறும் சர்க்கரைத் தண்ணீராகிவிடும்போது, கொலம்பார்ட் தன் புளிப்பை விடாமல் பிடித்துவைத்துக்கொள்கிறது. ஹெக்டேருக்கு 30 டன்னும் அதற்கு மேலும் காய்க்கிறது.

ஆனால் இந்த ஆலைகளின் கதையை 1965இலிருந்து தொடங்கினால் பாதிக் கதையைத்தான் சொன்னதாகும். அதை வாய்க்காலிலிருந்து தொடங்க வேண்டும் என்பதே அங்கிருந்த ஏழு மாதங்களில் நான் வந்துசேர்ந்த முடிவு.

ஆரஞ்சு ஆறு லெசோத்தோவின் மலைகளில் பிறந்து, ஏறத்தாழ 2,200 கிலோமீட்டர் மேற்கு நோக்கி ஓடி, அட்லாண்டிக்கில் கலக்கிறது. அப்பகுதியின் பூர்வகுடிகளான கோய் மக்கள் அதை கரீப் என்று அழைத்தார்கள். டச்சுப் படையில் பணியாற்றிய ராபர்ட் கோர்டன் 1779இல் ஆரஞ்சு அரசகுலத்தின் பெயரை அதற்குச் சூட்டினார். பழத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. அப்பிங்டனையொட்டி ஆறு பல கிளைகளாகப் பிரிந்து, நடுவே ஆற்றிடைக்குறைகளை உண்டாக்கி, மீண்டும் கூடுகிறது. வண்டல் படிந்த அந்தத் தீவுகளும் கரையோரப் படுகையும் மட்டுமே பச்சை. வாய்க்காலுக்கு மறுபுறம் ஓரடி எடுத்துவைத்தால் சிவந்த மணலும் கருங்கல்லும். விளைநிலம் முழுவதும் ஆற்றையொட்டி நீண்ட ஒரு நாடா. இன்றைய ஒதுக்கீட்டின்படி ஒரு ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 15,000 கன மீட்டர் நீர் தரப்படுகிறது. அதை வயலில் பரப்பினால் 1,500 மில்லிமீட்டர் மழைக்குச் சமம். வானம் தருவதைப்போல் ஏழெட்டு மடங்கை வாய்க்கால் தருகிறது என்று பொருள்.

அந்த ஆற்றிலிருந்து முதன்முதலில் நிலத்துக்கு நீரைத் திருப்பியவர் என்ற பெருமை ஆபிரகாம் செப்டம்பர் என்பவருக்குரியது. கலப்பினத்தவரான பாஸ்டர் சமூகத்தைச் சேர்ந்த விவசாயி அவர். 1880களின் தொடக்கத்தில், அளவைக் கருவிகள் எவையும் இல்லாமல், கண்மட்டத்தைக் கொண்டே ஆற்றிலிருந்து ஒரு வாய்க்கால் வெட்டித் தம் நிலத்துக்கு நீர் கொண்டுவந்தார். கேப் குடியேற்றத்தில் அடிமைகளுக்கு அவர்கள் வந்துசேர்ந்த மாதத்தின் பெயரைச் சூட்டும் வழக்கம் இருந்தது. செப்டம்பர் என்ற குடும்பப்பெயர் அந்த வழக்கத்தின் எச்சம். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி மடகாஸ்கரிலிருந்தும் கிழக்கிந்தியத் தீவுகளிலிருந்தும் மட்டுமல்லாமல் வங்காளத்திலிருந்தும் நம் சோழமண்டலக் கரையிலிருந்தும்கூட மனிதர்களை அடிமைகளாக அங்கே கொண்டுபோனது. அந்தப் பெயரை முதன்முதலாகக் கேட்டபோது, அதை ஏதோ வேடிக்கைப் பெயர் என்று எண்ணிச் சிரித்தவன் நான். பிறகு வெட்கப்பட்டேன்.

அதன்பின் மிஷனரியான கிறிஸ்டியான் ஷ்ரோடர் பெரிய அளவில் வாய்க்கால் வேலையைக் கையிலெடுத்தார். 1883இல் தொடங்கிய அவ்வேலை 1885இல் முடிந்தது. அவருடைய மிஷன் இருந்த இடமே இன்றைய அருங்காட்சியகம். அதன் முன்னால் ஒரு கழுதைக்கு வெண்கலச் சிலை வைத்திருக்கிறார்கள். செக்கைச் சுற்றுவதுபோல் இறைவையைச் சுற்றிச் சுற்றி நீர் ஏற்றியும், பாரம் இழுத்தும் பள்ளத்தாக்கை வாழவைத்த கழுதைகளுக்கு நன்றிக்கடனாம். ஆபிரகாம் செப்டம்பரின் பெயரை அந்தக் கழுதையின் அளவுக்குக்கூட வழிப்போக்கர்கள் அறிந்திருக்கவில்லை என்பதை நான் பலரிடம் கேட்டுப் பார்த்தே தெரிந்துகொண்டேன். ஆற்றின் வடகரையில் பாஸ்டர் மக்களுக்கு வழங்கப்பட்டிருந்த பண்ணைகள், வாய்க்கால்களால் நிலத்தின் மதிப்பு ஏற ஏற, கடனாகவும் விற்பனையாகவும் சில பத்தாண்டுகளுக்குள் வெள்ளையர் கைக்குப் போயின. அதற்கும் முன்பே, ஆற்றுத் தீவுகளில் வாழ்ந்த, கோய் இனத்தவரான கொரானா மக்கள் 1868–69, 1878–79 ஆண்டுகளின் போர்களில் ஒடுக்கப்பட்டு வெளியேற்றப்பட்டிருந்தார்கள்.

கீழே காக்கமாஸில் நடந்தது இன்னொரு வகை. வறட்சியாலும் 1896–97இன் மாட்டுக் கொள்ளைநோயாலும் எல்லாவற்றையும் இழந்த ஏழை வெள்ளை விவசாயிகளுக்காக டச்சு சீர்திருத்தத் தேவாலயம் 1898இல் அங்கே ஓர் உழைப்புக் குடியிருப்பை நிறுவியது. வந்தவர்கள் தாங்களே வாய்க்கால் வெட்ட வேண்டும். பாறை குறுக்கிட்ட இடங்களில் குடைந்து சுரங்கம் அமைக்க வேண்டும். நிலமோ தேவாலயத்தின் பெயரில் இருந்தது. அந்தச் சுரங்கங்கள் வழியாக இன்றும் நீர் ஓடுகிறது. வாய்க்கால் நீரின் வேகத்தாலேயே சுழன்று, விளிம்பில் பொருத்திய பெட்டிகளால் நீரை முகந்து மேட்டு நிலத்துக்கு ஊற்றும் மரச் சக்கரங்களும் அங்கே இருக்கின்றன. ஏற்றமும் கமலையும் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு, மாடும் ஆளும் இல்லாமல் தானே இறைத்துக்கொண்டிருக்கும் அந்தச் சக்கரத்தை விட்டு நகர மனம் வரவில்லை.

வாய்க்கால் ஒருவனால் ஆகும் காரியமன்று. தலைமடைக்காரன் மதகை அடைத்தால் கடைமடைக்காரன் காய்வான். கரை உடைந்தால் எல்லாரும் மண்வெட்டியோடு ஓட வேண்டும். யாருக்கு எந்த நாளில் எத்தனை மணி நேரம் நீர் என்பதை எழுதிவைத்து, அதை மீறுபவனைத் தண்டிக்கவும் வேண்டும். தஞ்சையிலோ தாமிரபரணியிலோ வேளாண்மை செய்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஆக, 1965இல் ஒயின் கூட்டுறவு தொடங்கியபோது அந்த விவசாயிகள் கூடி முடிவெடுக்கும் பழக்கத்தைப் புதிதாகக் கற்க வேண்டியிருக்கவில்லை. தம் பங்கு நீருக்காக 80 ஆண்டுகள் வாய்க்கால் கரையில் சண்டையிட்டுச் சமாதானமாகிப் பழகியவர்களின் பேரப்பிள்ளைகள் அவர்கள். ஆனால் அந்தப் பழக்கத்தோடு இன்னொன்றும் சேர்ந்தே வந்தது: வாய்க்காலில் யாருக்குப் பங்கு இருந்ததோ அவர்களுக்கே ஆலையிலும் பங்கு கிடைத்தது. நிலமும் நீரும் பறிபோனவர்கள் ஆலையின் வாயிலுக்குக் கூலியாட்களாகவே வந்தார்கள்.

இனி, விவசாயிக்கு அந்த ஆலை எதற்குத் தேவைப்பட்டது? இதில்தான் சுல்தானா என்னும் விதையில்லாத் திராட்சையின் விசித்திரம் இருக்கிறது. ஒரே கொடியின் பழத்தை மூன்று விதமாக விற்கலாம். அழகாகக் கத்தரித்துப் பெட்டியிலடுக்கினால் உண்ணும் பழம், களத்தில் காயவைத்தால் கிஸ்மிஸ், பிழிந்தால் ஒயின். பழமாக விற்றால் விலை அதிகம், ஆனால் ஒரு கீறல் விழுந்தாலும் பெட்டிக்கு ஆகாது. காயவைத்தால் நிதானமான விலை, ஆனால் இப்பகுதியில் பெய்கிற கொஞ்சநஞ்ச மழையும் பிப்ரவரி, மார்ச்சிலேதான் இறங்கும். களத்தில் பாதி காய்ந்து கிடக்கும் பழத்தின்மேல் ஓர் இடிமழை பெய்தால் ஆண்டு வருமானம் பூஞ்சணமாகிவிடும். அப்போது கைகொடுப்பது ஒயின் ஆலை. அழகு பார்க்காது, ஈரம் பார்க்காது. சர்க்கரையும் அழுகாத நிலையும் இருந்தால் வாங்கிக்கொள்ளும். மற்ற இருவரும் கைவிட்டதை ஏற்கும் மூன்றாவது வாசல் அது.

அந்த வாசல் எப்போதும் திறந்திருக்க வேண்டுமென்றால் விலைக்கு ஒரு தரைமட்டம் வேண்டும். அதை அக்காலத்தில் பார்த்துக்கொண்டது கேடபிள்யூவி என்னும் நாடு தழுவிய திராட்சை விவசாயிகள் கூட்டுறவு. உற்பத்தி மிஞ்சி விலை சரிந்த நெருக்கடியில் 1918இல் அது உருவானது. வடிசாராயத்துக்கான ஒயினுக்குக் குறைந்தபட்ச விலை நிர்ணயிக்கும் அதிகாரம் 1924இல் சட்டப்படி அதற்குக் கிடைத்தது. 1957இலிருந்து எந்தப் பண்ணை எவ்வளவு விளைவிக்கலாம் என்ற ஒதுக்கீட்டையும் அதுவே நடத்தியது. மிஞ்சிய ஒயின் பிராந்தியாகவும் தொழிற்சாலைச் சாராயமாகவும் வடிக்கப்பட்டது. விவசாயியின் வாழ்க்கையைக் காப்பதற்காக எவரும் குடிக்க விரும்பாத ஒயினை ஆண்டுதோறும் உற்பத்தி செய்து கொதிக்கவைத்த ஏற்பாடு என்று இதைக் கேலி செய்யலாம். ஆனால் நம் நெல் கொள்முதலைக் கண்டவர்கள் அவ்வளவு எளிதாகச் சிரித்துவிட முடியாது. 1992இல் விளைச்சல் ஒதுக்கீடு நீக்கப்பட்டது. 1997இல் கேடபிள்யூவி நிறுவனமாக மாறியது. அதன்பின் ஆலை சந்தையை நேருக்கு நேர் பார்க்க வேண்டியதாயிற்று.

ஓர் உறுப்பினரின் பழம் ஆலைக்குள் போன பிறகு என்னவாகிறது என்பதை ஊம் எனக்கு விளக்கிய விதம் இன்னும் நினைவிருக்கிறது. டிரெய்லர் எடைமேடையில் ஏறியதும் ஒரு குழாய் குவியலுக்குள் இறங்கி மாதிரி எடுக்கும். அந்தச் சாற்றின் சர்க்கரை அளவு, புளிப்பு, அழுகல் விகிதம் ஆகியவை பதிவாகும். அதன்பின் அது அவருடைய பழம் இல்லை. அதே வகையைச் சேர்ந்த மற்றவர்களின் பழத்தோடு கலந்து, துருப்பிடிக்காத எஃகுத் தொட்டிகளில் ஒன்றாகிவிடும். விற்பனை முடிந்து, செலவு போக, அந்தப் பொதுக்கணக்கில் நிற்கும் தொகையை ஒவ்வொருவரும் கொண்டுவந்த எடைக்கும் தரத்துக்கும் ஏற்பப் பிரிப்பார்கள். அறுவடையின்போது முன்பணம், மீதி தவணைகளாக, சில சமயம் அடுத்த ஆண்டு அறுவடை வரை நீளும். கூட்டுறவின் பலமும் நோவும் இந்தப் பொதுக்கணக்கிலேயே இருக்கின்றன. கவனமாகக் கவாத்து செய்து, குலை குறைத்து, நல்ல பழம் கொண்டுவருபவரின் சாறும், நீரைப் பாய்ச்சிப் பாய்ச்சி எடையைக் கூட்டியவரின் சாறும் ஒரே தொட்டியில் விழுந்தால், நல்லவர் எத்தனை ஆண்டு நல்லவராக இருப்பார்? சர்க்கரை அளவுக்குத் தனி விலை, வகைக்குத் தனிக் கணக்கு என்று உலகெங்கும் ஒயின் கூட்டுறவுகள் வகுத்த விதிகள் எல்லாம் இந்த ஒரு கேள்விக்கான பதில்களே.

நான் எதிர்பார்த்ததற்கு மாறாக, அந்தத் தொட்டிகளிலிருந்து கண்ணாடிப் புட்டிக்குப் போவது சிறு பகுதிதான். தென்னாப்பிரிக்காவின் ஒயின் ஏற்றுமதியில் பாதிக்கு மேல் புட்டியில் அடைக்கப்படாமல், கொள்கலனுக்குள் வைத்த பெரிய பைகளில், மொத்தமாகவே கப்பலேறுகிறது. இப்பள்ளத்தாக்கின் சாற்றில் கணிசமான பங்கு ஒயினாகக்கூட ஆவதில்லை; நொதிக்கும் முன்பே நீரை ஆவியாக்கி, தேன்போல் கெட்டியான செறிவுச் சாறாக்கி, பழச்சாறு தயாரிப்பவர்களுக்கு விற்கிறார்கள். ‘சர்க்கரை சேர்க்கப்படாதது’ என்ற அட்டையோடு கடைகளில் நிற்கும் பானங்கள் பலவற்றுக்கு இனிப்பூட்டுவது இப்படிப்பட்ட வெள்ளைத் திராட்சைச் சாறுதான். பாலைவனத்தின் வெயிலை விற்பதற்கு இதைவிட நேர்மையான வழி இல்லை என்று எனக்குத் தோன்றியது. நாங்களும் அதே வெயிலைத்தானே கண்ணாடிகளால் பிடித்து மின்சாரமாக விற்றுக்கொண்டிருந்தோம்.

இந்த ஊரின் உண்மையான பெருமிதம், உணவுக்குப்பின் சிறு கோப்பையில் அருந்தும் இனிப்பு ஒயின்களில் இருக்கிறது. ஜெரிபிகோ என்பது நொதிக்காத சாற்றில் சாராயத்தைச் சேர்த்து, சர்க்கரையை அப்படியே சிறைப்பிடித்துச் செய்வது. அதற்குப் பயன்படும் ஹானபூட் திராட்சைக்கு உலகம் முழுவதும் வழங்கும் பெயர் அலெக்சாண்டிரியா மஸ்கட். குலையை முகர்ந்தபோது எனக்குச் சட்டென்று கம்பம் பேருந்து நிலையத்துக் கூடைகள் நினைவுக்கு வந்தன. அது வெறும் மயக்கம் இல்லையென்று பிறகு தெரிந்தது: நம் பன்னீர் திராட்சை என்பது மஸ்கட் ஹாம்பர்க், அதன் பெற்றோரில் ஒன்று இந்த ஹானபூட். கம்பத்தைப் போலவே அங்கும் கொடிகளைத் தலைக்குமேல் பந்தலேற்றுகிறார்கள். கூரைபோல் விரியும் இலைகளின் நிழலில் குலைகள் வெயிலில் வேகாமல் தப்புகின்றன.

நீரைப் பற்றித் தொடங்கினேன். அதன் இன்னொரு முகத்தையும் சொல்ல வேண்டும். மேலே கரீப் அணை 1971இலும் வாண்டர்க்லூஃப் அணை 1977இலும் கட்டி முடிக்கப்பட்டன. அதற்குமுன் சில ஆண்டுகளில் வற்றியும் சில ஆண்டுகளில் பெருகியும் வந்த ஆறு, ஆண்டு முழுவதும் சீராக ஓடத் தொடங்கியது. விவசாயிகள் மகிழ்ந்தார்கள், அவர்களோடு சேர்ந்து கறுப்பு ஈக்களும் மகிழ்ந்தன. ஓடும் நீரில் பாறையைப் பற்றி வளரும் அதன் புழுக்களை முன்பு குளிர்கால வறட்சி கொன்றுவந்தது. இப்போது ஆறு வற்றுவதில்லை. காது, மூக்கு, கண் என்று எங்கும் நுழையும் அந்த ஈக்கள் ஆடுமாடுகளை வாட்டுகின்றன, தோட்டத்தில் பறிப்பவர்களைப் பைத்தியமாக்குகின்றன. அவற்றைக் கட்டுப்படுத்த ஹெலிகாப்டரிலிருந்து ஆற்றில் மருந்து தெளிக்கிறார்கள். அணைகளால் வெள்ளத்தை முற்றிலும் தடுக்கவும் முடியவில்லை. 1974, 1988, 2011 ஆகிய ஆண்டுகளில் ஆறு கரையணைகளைத் தாண்டியது. தீவுகளில் பந்தலும் கொடியும் மண்ணும் சேர்ந்தே போயின. ஊமின் வீட்டுச் சுவரில் இடுப்பளவு உயரத்தில் ஒரு பென்சில் கோடு இருந்தது. அதற்கு வர்ணம் பூச அவர் மனைவி அனுமதிப்பதில்லை.

பறிப்பவர்களைப் பற்றி எழுதாமல் விட்டால் இது பொய்க்கட்டுரை. அறுவடைக் காலத்தில் பல்லாயிரம் தொழிலாளர்கள் வேறு பகுதிகளிலிருந்து வந்து சில வாரங்கள் தங்கி உழைத்துத் திரும்புகிறார்கள். கூலியின் ஒரு பகுதியை மலிவு ஒயினாகக் கொடுக்கும் ‘டோப்’ முறை கேப் திராட்சைத் தோட்டங்களில் பல தலைமுறைகள் நடந்தது. சட்டம் அதைத் தடைசெய்துவிட்டது. ஆனால் தாயின் குடியால் கருவிலேயே பாதிப்படையும் குழந்தைகளின் விகிதம் உலகிலேயே மிக அதிகமாகப் பதிவான இடங்களுள் மேற்கு, வடக்கு கேப் மாகாணங்களின் ஊர்கள் இன்றும் இருக்கின்றன. ஆலையின் பொதுக்கணக்கில் இந்தச் செலவுக்குப் பத்தி கிடையாது. ஊமிடம் இதைப் பற்றிப் பேச்செடுத்தபோது அவர் நெடுநேரம் எதுவும் சொல்லாமல் இருந்துவிட்டு, தம் தந்தை காலத்துத் தகரக் குவளை ஒன்று கொட்டகையில் ஆணியில் தொங்குவதைக் காட்டினார். எதை அளக்க என்று நான் கேட்கவில்லை.

ஏப்ரலில் டிராக்டர் வரிசை நின்றது. மே மாதத்தில் பந்தல்கள் மஞ்சளாகி உதிர்ந்தன. இரவுகளில் உறைபனி இறங்கியது. குளிர்காலத்தில் பராமரிப்புக்காக வாய்க்காலை அடைத்துவிடுவார்கள் என்று கேள்விப்பட்டுப் பார்க்கப் போனேன். நீர் வடிந்த படுக்கையில் சேறும், வேர்களும், ஒரு சைக்கிள் சக்கரமும் கிடந்தன. ரப்பர் காலணி அணிந்த ஏழெட்டுப் பேர் மண்வெட்டியால் சேற்றை வழித்துக் கரைமேல் எறிந்துகொண்டிருந்தார்கள். ஊமும் கரையில் நின்றிருந்தார். ஆலையிலிருந்து தவணைப் பணம் வந்துவிட்டதா என்று கேட்டேன். இன்னும் இல்லை என்று கையசைத்துவிட்டு, சுவரில் விரிசல் விட்டிருந்த ஓரிடத்தைச் சுட்டிக்காட்டி, தண்ணீரைத் திறப்பதற்குள் அதை அடைத்துவிட வேண்டும் என்று கீழே நின்றவர்களிடம் சொல்லத் தொடங்கினார்.